பக்கத்துக் கட்டில் குரல்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க முடிந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். என் தங்கைக்கு நடந்தது இது. பட்டப்பகலில், ஆஸ்பத்திரியில்.

அவளுடைய ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஏசைக்ளோவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கை நரம்பில் ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், சொட்டுச் சொட்டாக. காய்ச்சல் இறங்கியது. ஆனால் குழந்தையிடம் இருந்த வார்த்தைகள் போய்விட்டன. தண்ணீரைக் காட்டி, "அது... அது..." என்று தவிக்கும்.

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே டாக்டர். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"மூணு வாரம் முழுசா ஏத்தணும்மா. பாதியில நிறுத்தினா திரும்ப வந்துரும்."

தங்கை தையல் வேலை செய்பவள். கட்டில் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கித் தூங்கி, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி எப்போதும் திரை. அங்கேயும் ஒரு அம்மா. தலையசைத்துக்கொள்வதோடு சரி. பேச இருவருக்கும் தெம்பில்லை.

ஒரு மதியம் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் சொக்கியது. திரைக்குப் பின்னால் ஒரு பையன் குரல்.

"கரண்டி. சொல்லு... கரண்டி."

"கண்டி," என்றாள் மகள்.

"கரண்டி."

தங்கைக்கு அப்பாடா என்றிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும் என்று அப்படியே தூங்கிப்போனாள்.

அதன்பின் மதிய மருந்து ஏறும்போதெல்லாம் அந்தக் குரல். செருப்பு... ஜன்னல்... தலையணை... ஒவ்வொரு வார்த்தையாக மகளுக்குத் திரும்பி வந்தது.

திரை அசையாது. கட்டில் கிறீச்சிடாது. ஒரு சிரிப்புகூடக் கேட்காது.

களைப்பில் அவள் எதையும் யோசிக்கவில்லை.

கடைசி மருந்தும் முடிந்தது. ஒரு பந்து வாங்கிக்கொண்டு, மகளோடு போய்த் திரையை விலக்கினாள்.

ஏழெட்டு வயதுப் பையன். தொண்டையில் குழாய். கண்கள் கூரையில் நிலைகுத்தியிருந்தன.

அவன் அம்மா அவன் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பையன்தானே எம்பொண்ணுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தான், அக்கா?"

"இவனா? இவனுக்கும் அதே நோவுதான். மருந்து ஆரம்பிக்க லேட்டாயிடுச்சு. இவன் பேசி ஒன்றரை வருஷமாச்சு."

பந்து தங்கையின் கையிலேயே இருந்தது.

மகள் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"குருவிம்மா... கால் வலிக்குது. மெதுவா தேயி."

தேய்த்த கைகள் நின்றன.

"அந்தப் பேரு..." அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் மட்டுந்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான். அதுவும் வீட்டுக்குள்ள, நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது..."



வெகுநேரம் கழித்து, அவள் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

மெதுவாக.