மாடு எழுந்து நின்றால் ஒன்றும் தெரியாது

போன வருஷம் ஐப்பசி மாசக் கடைசியில் நடந்தது. பாகலூரைத் தாண்டி கர்நாடகா எல்லைக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. பேர் போட வேண்டாம் என்பதால்தான் இதை எழுதவே துணிந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளைக் கலப்பு மாடு. இரண்டாவது ஈத்துக்குச் சினையாக இருந்தது. மாசி முதல் வாரம் சினை ஊசி போட்டோம். அது நிற்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, இருபத்தோரு நாள் கழித்து இன்னொரு ஊசியும் போட்டோம். எது பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதல் ஊசிக் கணக்கில் கார்த்திகை பிறந்ததும் கன்று போட வேண்டும். இரண்டாவது கணக்கில் கார்த்திகை கடைசி. என் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். மருமகள் ரோஜாப்பூ வளர்க்கிற கொட்டகையில் வேலை செய்கிறாள். காலையில் போனால் இரண்டு பேரும் சாயந்திரம்தான் வருவார்கள். பகல் முழுக்க நானும் மாடும்தான்.

ஒரு நாள் மத்தியானம் மாடு தீனி தின்றுவிட்டுப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. சாணி அள்ளப் போனேன். பின்னாடி, கன்று வருகிற வழியில், சிவப்பாக ஒரு உருண்டை பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. ஆரஞ்சுப்பழம் அளவு இருக்கும். பனிக்குடம்தான் வந்துவிட்டது, முதல் ஊசிதான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் மாடு எழுந்து நின்றது. உருண்டையைக் காணோம். வாலைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. மாடு பாட்டுக்குத் தண்ணித் தொட்டிக்கு மூஞ்சியை நீட்டியது.

சாயந்திரம் மருமகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். தீனி நேரம் என்று மாடு நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லையே அத்தை. கண்ணு ஆபரேஷன் பண்ணதுல இருந்து எல்லாம் செவப்பா தெரியுதுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

மகன் சிரித்தான். "அம்மா, பால்காரன் செவப்புச் சட்டை போட்டுட்டு வந்திருப்பான்."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். இருந்தது. மாடு எழுந்ததும் இல்லை. இப்படியே நாலைந்து நாள். படுத்தால் இருக்கும், நின்றால் இருக்காது. வீட்டில் ஆள் இருக்கிற நேரமெல்லாம் அது நிற்கும்.

கடைசியில் மகன் என் தொல்லை தாங்காமல் மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, மாட்டை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் இரண்டு மணிக்கு தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அப்போது மாடு படுத்திருந்தது, உருண்டையும் வெளியே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவசர அவசரமாக மாட்டைத் தட்டி எழுப்பினேன். இரண்டு வாளித் தண்ணி ஊற்றிப் பின்பக்கம் கழுவினேன். நெற்றியில் குங்குமம் கூட வைத்தேன். டாக்டர் வரும்போது மாடு சாணியில் படுத்துக் கிடந்தால் மரியாதையா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. அந்த இடத்தை அவர் பார்க்க, பக்கத்தில் நான் நிற்க வேண்டுமே என்கிற கூச்சம்.

"என்னம்மா தொந்தரவு?" என்றார்.

"தீனி சரியா எடுக்கலைங்க."

அவர் காய்ச்சல் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நல்லாத்தானே இருக்கு என்று பசிக்கு ஒரு பொடி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பைக் போன பிறகு கொட்டகையில் நின்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்றும் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மகன் கட்டிய லைன் வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். கம்பெனியில் நைட் ஷிப்ட், அதனால் பகலில் தூங்குவாள். எங்கள் ஊரில் என்னை அவ்வா என்பார்கள், அஜ்ஜி என்பார்கள். இவள் ஆச்சி என்பாள்.

டாக்டர் வந்து போன ஆறாம் நாள் மத்தியானம், கொட்டகைச் சுவர்மேல் இரண்டு காக்காய் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் உருண்டை தேங்காய் அளவு ஆகியிருந்தது. மண்ணும் சாணியும் ஒட்டி, ஒரு பக்கம் கறுத்திருந்தது. ஒரு காக்காய் தரையில் இறங்கி அதைக் கொத்தத் தத்தி வந்தது. முந்தானையை வீசி விரட்டினேன். மாட்டை எழுப்பிவிட்டால் உள்ளே போய்விடும் என்று வாலைப் பிடித்து இழுத்தேன். அது எழவில்லை. முக்கி முக்கி இன்னும் வெளியே தள்ளியது. கன்றும் போச்சு, மாடும் போச்சு என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தாள்.

"ஆச்சி, எழுப்பாதிய! அப்படியே கெடக்கட்டும்."

"யாராச்சும் பார்த்துடுவாங்கம்மா..."

"பாக்கத்தானே வேணும்! பாக்காம எப்படி வைத்தியம் பாப்பாவ?"

செல்லை எடுத்து அப்படியே படம் பிடித்தாள். என்னிடம் நம்பர் வாங்கி டாக்டருக்கு அனுப்பினாள். பிறகு போனில் பேசினாள். என்ன வெளியே வந்திருக்கிறது, எந்த வழியாக வந்திருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். நான் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். காக்காய் வராமல் ஈரத் துணியைப் போட்டு மூடி, பக்கத்திலேயே குந்தினாள்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார்.

"இது இன்னைக்கு வந்தது இல்லையே. போன வாரம் நான் வந்தப்ப ஏம்மா சொல்லல?"

"அப்ப மாடு நின்னுட்டு இருந்துச்சுங்க."

"யார் நிக்க வெச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பெண், "ஆச்சி மரியாதை தெரிஞ்சவுக சார்" என்றாள். டாக்டருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

வாலடியில் ஊசி போட்டு, மருந்துத் தண்ணியில் கழுவி, மெதுவாக உள்ளே தள்ளி, திரும்ப வராமல் கயிற்றால் வார் கட்டினார். பனிக்குடம் இல்லை, கன்று வருகிற வழியே சரிந்து வெளியே வருகிறது, சினை முற்றும்போது சில மாட்டுக்கு இப்படி ஆகும் என்றார். பிறகுதான் தரையைப் பார்த்தார். ஆனி மாசம் மகன் போட்ட சிமெண்ட் தளம். மூத்திரமும் கழுவுகிற தண்ணியும் தானாக ஓடட்டும் என்று பின்பக்கம் நல்ல வாட்டம் வைத்திருந்தான்.

"இவ்வளவு வாட்டத்துல படுத்தா கன்னு பாரமெல்லாம் பின்னாடிதானே அழுத்தும்? பின்பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்குங்க. தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வையுங்க. கன்னு போட வலி எடுத்ததும் கயிற்றை அவிழ்க்கணும், உடனே எனக்குச் சொல்லணும்."

டாக்டர் கை கழுவப் போனபோது அந்தப் பெண் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பொம்பளையளுக்கும் இப்படி வரும் ஆச்சி. எங்கம்மாவுக்கு இருந்துச்சு. வெளிய சொல்லாம ரொம்ப நாள் கெடந்தா."

என் கையிலிருந்த வாளி கீழே விழுந்து உருண்டது.

சாயந்திரம் மகன் வந்து, போட்ட வாட்டத்தை நானே மூட வேண்டியதாயிடுச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே செம்மண்ணைக் கொட்டினான். ராத்திரி சாப்பிடும்போது, "உன் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு" என்றான்.

கார்த்திகை கடைசியில், இரண்டாவது ஊசிக் கணக்குப்படி, பட்டப்பகலில் கிடாரிக் கன்று போட்டது. டாக்டர் பக்கத்தில் இருந்தார். தாயும் கன்றும் தப்பித்தது. எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. மாட்டுக்காக இத்தனை தவித்தேனே, எனக்காக ஏன் தவிக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரே குழப்பம்.

கன்றுக்கு மூன்றாம் நாள், சீம்பால் கொடுக்க அந்தப் பெண்ணின் வாசலுக்குப் போனேன். பாத்திரத்தை நீட்டியபடியே, "எனக்கும் இருக்கும்மா" என்றேன்.

அவள் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா ஆச்சி?"

"கடைசிப் பிள்ளை பொறந்ததுல இருந்து."

அந்தக் கடைசிப் பிள்ளைதான் இப்போது கம்பெனிக்குப் போகிற என் மகன். அவள் ஆச்சரியப்படவில்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கே என் மருமகளிடம் பேசினாள். இரண்டு பேருமாக என்னைக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏற்றி, பொம்பளை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அங்கேயும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, ஒன்றுமில்லைங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. மருமகள் என் தோளை அழுத்தி உட்கார வைத்து, "சொல்லுங்க அத்தை" என்றாள். சொன்னேன். வைத்தியம் நடந்து இப்போது நன்றாக இருக்கிறேன்.

இத்தனை வருஷம் எதை மூடிக் காப்பாற்றினேன் என்று இன்னும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தெருமுனையில் டாக்டர் பைக் சத்தம் கேட்டாலும் மாட்டை நான் எழுப்புவதில்லை. அது கிடக்கிறபடியே பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.