சகலையைவிட அகலமான கார்டு

என் சகலை புது வண்டி வாங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிடச் சின்னவன், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட். பக்கத்துக் கம்பெனியில் நான் இன்னும் கான்ட்ராக்ட். ஆரணியில் மாமியார் வீட்டுக்குப் போனால் பெரிய மாப்பிள்ளை என்று எனக்குக் கிடைக்கும் மரியாதை ஒன்றுதான் அவனிடம் இல்லாதது.

வண்டியின் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பி கார்டு போட்டிருந்தான். "வுழுந்தாகூட காலுக்கும் இன்ஜினுக்கும் ஒண்ணும் ஆவாதாமே," என்று மாமியார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அவன் இன்னும் விழவே இல்லை, அதற்குள் இவ்வளவு பெருமை. நான் என் பழைய வண்டியோடு எத்தனையோ முறை விழுந்து எழுந்திருக்கிறேன். என் முட்டியை ஒருவரும் தடவிப் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் திருவள்ளூரில் ஒரு கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய கார்டைக் காட்டினேன்.

"இது ரொம்ப அகலம் சார். சந்துல பூந்து போறது பேஜாரு. சின்னதே போதும்," என்றார் மெக்கானிக்.

வயிற்றெரிச்சல்காரன் காதில் அதெல்லாம் விழுமா? பெரியதையே மாட்டச் சொன்னேன். போல்ட்டுகளை முதலில் லூசாக விட்டு, கம்பி நேராக உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினார். வீட்டில் என் மனைவி பார்த்துவிட்டு, "புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கினா மாதிரி இருக்குது," என்றாள்.

மாமியார் வீட்டில் ஆயுத பூஜை அன்று வண்டிகளைக் கேட்டுக்குள் நிறுத்திக் கற்பூரம் காட்டுவார்கள். முதல் கற்பூரம் பெரிய மாப்பிள்ளை வண்டிக்கு. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அது மாறியதில்லை.

அன்று போனபோது சகலையின் வண்டி உள்ளே மாலையோடு நின்றது. என் வண்டியைத் தள்ளினேன். கார்டு கேட் தூணில் இடித்தது. குறுகலான கேட், ஹேண்டிலை ஒடித்து நுழைக்கலாம், கார்டை எப்படி ஒடிப்பது? பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினேன். பெயின்ட்தான் உரிந்தது.

"இருண்ணே, ஸ்பேனர் எடுத்தாறேன், கழட்டிடலாம்," என்று சகலை உள்ளே ஓடினான்.

மாமியார் தடுத்தார். "பூசையில வெச்சாச்சு மாப்ள. பொட்டு வெச்ச சாமானத் தொடக்கூடாது, நாளைக்குத்தான்."

அக்கம்பக்கத்தில் கேட்டும் பயனில்லை. அன்றைக்கு ஊரிலுள்ள ஸ்பேனர் எல்லாம் சாமிக்கு முன்னால்தான் இருக்கும்.

"அப்ப வெளிய போயி அண்ணன் வண்டிக்கே மொதல்ல காட்டுங்க அத்தை," என்றான் சகலை.

"ஊட்டுக்குள்ள நிக்கிறத உட்டுட்டு தெருவுக்கு எப்டிப் போறது?" என்றார் அவர். தட்டு அவன் வண்டியைச் சுற்றியது. மணி அடித்தது. நான் தெருவில் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கற்பூரத்தோடு மாமியார் வெளியே வருவதற்குள் சகலை வந்துவிட்டான். குனிந்து கார்டைத் தட்டிப் பார்த்தான்.

"செம ஸ்ட்ராங்குண்ணே. என்னுது இதும்முன்னால ஒண்ணுமே இல்ல. எங்க போட்ட?"

அதை அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.