செப்டம்பர் படிக்கிற தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒரு கையெழுத்து இல்லை... அவ்வளவுதான்.

என் தம்பி குமரேசன் பி.ஏ. படித்தவன். படித்தவன் என்றால் - ஆங்கிலம் மட்டும் பாக்கி. மார்ச்சில் கோட்டை விட்டவர்களுக்குச் செப்டம்பரில் இன்னொரு பரீட்சை உண்டல்லவா? தென்காசியில் யாராவது "தம்பி என்ன செய்யுதான்?" என்று கேட்டால், "செப்டம்பர் படிக்கான்" என்போம். மூன்று வருஷமாக இதே பதில்தான்.

செப்டம்பருக்கு எப்போது படிக்க வேண்டும்? ஜூனிலும் ஜூலையிலும். குற்றாலத்தில் சாரல் எப்போது? அதே ஜூனிலும் ஜூலையிலும்தான். மதுரைச் சித்தப்பா, கோவில்பட்டி அத்தை எல்லாருக்கும் எங்கள் வீடுதான் சத்திரம். அவர்களை அருவிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டாமா? குமரேசன் துண்டோடு தயாராக நிற்பான். "சாரல் முடியட்டும்ணே, உக்காந்துருதேன்" என்பான்.

இந்த வருஷம் நான் விடவில்லை. டைம்டேபிள் போடச் சொன்னேன். போட்டான். சிவப்பு மை, பச்சை மை, ஸ்கேல் வைத்துக் கோடு - அதற்கே நாலு நாள். சுவரில் ஒட்டப் பசை காய்ச்ச இன்னும் ரெண்டு நாள்!

ஞாயிறு காலை, தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா ஆய்க்குடியிலிருந்து வந்தார். தம்பி பட்டம் வாங்கியதும் கல்யாணம் என்று மூன்று வருஷமாகப் பொறுத்திருக்கும் மனிதர். தம்பியோ வழக்கம்போல அருவியில்.

"பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டாச்சா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"போன வாரமே போட்டுட்டான் மாமா" என்றேன். அவன் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். அவருக்கு நம்பிக்கை வரட்டுமே என்று அவனுடைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். உள்ளேயிருந்து விழுந்தது அப்ளிகேஷன். பெயர், ஊர், பாடம் எல்லாம் முத்துமுத்தாக எழுதியிருந்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாவூர்சத்திரத்துலேருந்து பொண்ணு கேக்காக. மாப்பிள்ளை எட்டாங்கிளாஸ்தான். காய்கறிக் கடை. ஆனா அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்குக் கடையத் தொறந்துருதான். எம் மகளுக்கும் வயசு ஏறுதுல்லா தம்பி?" என்றவர், காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் தெருவைத் தாண்டியிருப்பார்... குமரேசன் தலை சொட்டச் சொட்ட வந்தான். நடந்ததைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு அந்தப் பெண் மேல் உயிர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"மாமா பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாக. ஓடுலே, போய்க் கால்ல விழு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு ஆய்க்குடிக்கே போயிப் பேசுதேன்ணே. இப்ப தலை ஈரமா இருக்கு."

மாணவர்களைத் திருத்த வழி கேட்டு இந்தப் பத்திரிகை மூலம் எனக்குக் கடிதம் எழுதும் பெற்றோர்களே... தெரிந்தால் நீங்கள் எனக்கு எழுதுங்கள்.