ரியாக்டா, வியூவா?

சிங்கப்பூர் சிராங்கூனில் நான் நடத்தும் சனிக்கிழமை புரோகிராமிங் வகுப்புக்கு, வேலை போன ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; தலை நரைத்திருந்தது. இடைவேளையிலும் எழுந்து போகமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை மூக்கருகே பிடித்து, வேலை விளம்பரங்களையே படித்துக்கொண்டிருப்பார்.

“ரியாக்ட் படிக்கவா தம்பி, வியூ படிக்கவா? ரெண்டையும் படிக்க எனக்கு டைம் இல்ல லா.”

“ரெண்டுமே வெப்சைட் ஸ்கிரீன் கட்டுற டூல்தான்மா. எதுல ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான். அப்புறம் ஈஸியா மாத்திக்கலாம்.”

அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “ஒண்ணுதான்னா, இவங்க ஏன் ரியாக்ட்லயே மூணு வருஷ அனுபவம் கேக்குறாங்க?”

ரியாக்டில் தொடங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் வரவில்லை. ஒவ்வொரு புது வகுப்பிலும் ‘எதுல ஆரம்பிச்சாலும் ஒண்ணுதான்’ என்று இன்றும் சொல்கிறேன். சொல்லும்போது, நரைத்த தலைகள் இருக்கும் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.