மிஹ்லாரின் வயிற்றில் கேட்ட சத்தம்

பொத்துவிலுக்கும் கல்முனைக்கும் இடையே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் மிஹ்லார் கொண்டக்டர். அவன் முகத்திலும் கைகளிலும் பட்டாணி அளவில் மெத்தென்ற கட்டிகள். டிக்கெட்டை அவன் கையிலிருந்து வாங்கத் தயங்குபவர்களிடம், "ஒட்டாது தங்கச்சி, இது வாப்பா தந்த சொத்து" என்பான். சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள்.

அவன் தகப்பன், வாப்பா ஷரிபுதீனுக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்பத்தொரு வயதில், வயலில் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழும்பவில்லை. அந்தச் சாவையும் கட்டிகளையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மிஹ்லாருக்கு முப்பத்தாறு வயதில் தலையிடி தொடங்கியது. பனடோல் மாத்திரையோடு சமாளித்தான். ஒரு நாள் பஸ் கோமாரி ஊரைத் தாண்டியதும் கண் மங்கி, கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். டிரைவர் நளீர் பயணிகளோடேயே பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விட்டார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காரைதீவில் இறங்க வேண்டிய டீச்சர் ஒருவர் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வார்டு வரை போனார்.

பிரஷர் இருநூற்றிருபது. டொக்டர் கிருஷாந்தன் அவன் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"என்ன டொக்டர், பசியில கத்துதா?"

"இல்ல மிஹ்லார். கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கு போல. ரத்தம் நெருக்கிப் போற சத்தம் கேக்குது. உங்களுக்குக் கட்டியத் தந்த அதே பரம்பரை நோய், அபூர்வமா சில பேருக்கு இப்பிடியும் செய்யும்."

"அப்ப... வாப்பாவுக்கும்?"

"இருந்திருக்கலாம். இப்ப சொல்ல ஏலாது."

எல்லாரையும் சிரிக்கவைக்கும் மிஹ்லார் அன்று முழுவதும் ஒரு பகிடியும் விடவில்லை.

கொழும்பில் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு பலூனை ஊதி, ஒடுங்கிய இடத்தை விரித்தார்கள். பிரஷர் இறங்கியது. தினம் ஒரு மாத்திரை மட்டும் மிஞ்சியது.

ஊருக்கு வந்தவன் நேரே தங்கை சுபைறாவின் வீட்டுக்குப் போனான். அவளுக்கும் அதே கட்டிகள். எந்த டொக்டருக்கும் காட்டாமல், நீளக் கைச்சட்டைக்குள் மறைத்தே வாழ்ந்தவள்.

"எனக்கு ஒண்டுமில்ல நானா. ஆக்களுக்கு முன்னால கையத் திறக்க எனக்கு ஏலா," என்றாள் அண்ணனிடம்.

மிஹ்லார் கொண்டுவந்த பிரஷர் மெஷினைப் பாயில் வைத்து, முதலில் தன் கையில் சுற்றினான்.

"நான் ஆரு புள்ள? என்ட கையும் உன்ட கையும் ஒண்டுதானே."

சுபைறா அழுதுகொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டாள். அவள் கையில் மெஷின் நூற்றெழுபது காட்டியது.

அடுத்த வாரமே பெண் டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனான். ஸ்கேனில் அவளுக்கு ரத்தக்குழாய் ஒடுக்கம் சிறிதுதான் என்று தெரிந்தது. மருந்தே போதும் என்றார்கள். இப்போது மாதந்தோறும் அவனுடைய பஸ்ஸில்தான் கிளினிக் போய் வருகிறாள். திரும்பும்போது அவளது பிரஷரை நளீருக்குக் கேட்கும்படி அவன் கூவுவான்.

"சும்மா இரிங்க நானா, பஸ்ஸெல்லாம் கேக்குது!" என்பாள் சுபைறா.