எடை போதாதவர்

யுத்த காலம். குன்றாண்டார்கோவில் பக்கம் மழை பொய்த்து, எங்கள் புன்செயில் வரகுகூட முளைக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரரும் நானும் கூலி தேடி ஊர் ஊராக அலைந்தோம். ஆலங்குடிப் பக்கம் கடலை பிடுங்கப் போனால், எங்களுக்கு முன்பே அங்கே பெருங்கூட்டம் குந்தியிருந்தது. ஆவூர் மாதா கோவில் வாசலில் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு மரத்தடியில் கிடந்தபோதுதான், புதுக்கோட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டோம்.

மச்சானுக்கு உயரம் இருந்தது. உடம்பில் சதை இல்லை. எடை ஏறட்டும் என்று வழியில் ஒரு ஊருணியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். மைதானத்து வெயிலில் வரிசையில் நின்றபோது அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. எடை பார்த்தவர் அவரைக் கீழே இறங்கச் சொன்னார்.

"அய்யா, கொஞ்ச நாளு சோறு போட்டுப் பாருங்க. ஏறிருவேங்க" என்று மச்சான் கும்பிட்டார்.

"தள்ளி நில்லுப்பா" என்றார் அவர். காலையிலிருந்து அதையே சொல்லி அலுத்துப்போன குரல்.

என்னை எடுத்துக்கொண்டார்கள். நானும் போகமாட்டேன் என்றேன். மச்சான் என் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"கிறுக்கா மாப்ளே ஒனக்கு? ஒருத்தனாச்சும் திங்கட்டும். நான் ஊருக்குப் போறேன். அக்காட்ட நான் சொல்லிக்கிறேன்."

லாரியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வரிசையில் மறுபடியும் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். என் முகத்தைத் தடவினாள். பிறகு எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"எங்க தம்பி, ஒங்க மச்சான்? பின்னாடி வாராகளா?"

"அவரு இங்கிட்டு வரலையாக்கா?"

"ஒங்கூடத்தானே பட்டாளத்துல இருந்தாக? மாசாமாசம் மணியார்டர் வந்துச்சே."

அது நான் அனுப்பியது. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட ஆளில்லாத வீடு. இரண்டு பேரும் சேர்ந்து அனுப்புவதாகவே அவள் நம்பியிருந்தாள். சண்டை முடிந்ததும் அப்பா வருவார் என்று சொல்லித்தான் மகளை வளர்த்திருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அன்னைக்கு ஏதாச்சும் சாப்பிட்டாகளா?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே அவரைத் தேடிக் கிளம்பினேன்.

சந்தை, சத்திரம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் விசாரித்தேன். ரோட்டோரம் செத்துக் கிடந்தவர்களை ஊர் பேர் கேட்காமல் புதைத்த காலம் அது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அக்கா கருமாதி செய்யச் சம்மதிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனாள். அந்த வேலையும் நின்றபோது, மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போய் அங்கேயே கூலியாகத் தங்கிவிட்டாள்.

பட்டாளத்திலிருந்து வந்தவன் என்பதற்காக எனக்கும் ஊரில் யாரும் வேலை கொடுத்துவிடவில்லை.