தொப்பிக்குச் சமாதானம் கிடையாது

எங்கள் மாதா கோயில் தேர்த் திருவிழாவில் நான் என் மச்சானின் பல்லை உடைத்தேன். மச்சான் என்றால் சொந்த மாமா மகன். பேண்டுக்காரர்கள் யார் தெருவில் ஒரு பாட்டு கூடுதலாக வாசிப்பது என்பதுதான் தகராறு. உடைந்தது ஒரே பல், அதுவும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் விலக்கிவிட வந்த போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி கழன்று சாக்கடையில் விழுந்துவிட்டது. அதுதான் என் போதாத காலம்.

மச்சான் கோபத்தில் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தான். கிறிஸ்துமஸுக்குள் ராசியாகி, எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து புதுப்பல்லால் கறி கடித்தான். புகாரை வாபஸ் வாங்கலாம் என்று இருவருமாக வக்கீலிடம் போனோம். அவர் சிரித்தார்.

"பல்லுக்கு சமாதானம் ஆவலாம் சார். தொப்பிக்கு ஆவாது. அது கவர்மெண்டோடது."

அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுத்ததாக ஒரு பிரிவையும் சேர்த்திருந்தார்கள்.

என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. கல்யாணமான சில மாதங்களில், வயிற்றில் பிள்ளையோடு, வேலைக்காகப் பாரிஸ் திரும்பியிருந்தாள். பாஸ்போர்ட் வந்ததும் பின்னாலேயே நான் போவதாக ஏற்பாடு. வழக்கு முடியாமல் பாஸ்போர்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் பிறந்த சேதியை எஸ்.டி.டி. பூத்தில் நின்று கேட்டேன்.

அடுத்தது சாட்சி. தொப்பிக்காரரைக் காரைக்காலுக்கு மாற்றியிருந்தார்கள். சம்மன் காரைக்கால் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏனாமில் இருந்தார். ஏனாமுக்குப் போனபோது மாஹேயில் இருந்தார். பிரெஞ்சுக்காரன் நாலு ஊரை நாலு மூலையில் விட்டுவிட்டுப் போனதை அதுவரை பாடப்புத்தகத்தில்தான் படித்திருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குற்றம் சாட்டப்பட்டவனும் புகார் கொடுத்தவனும் ஒரே பைக்கில் கோர்ட்டுக்குப் போனோம். வராண்டா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் பட்டாணி தின்றுவிட்டு, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாமே எனக்கு போனில்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் வக்கீலிடம் கத்திவிட்டேன். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"விரைந்த விசாரணை ஒங்க அடிப்படை உரிமை சார். ஐகோர்ட்லயே கேட்டு வாங்கிடலாம்."

சென்னையில் மனு போட்டோம். வழக்கைச் சீக்கிரம் முடிக்கக் கோரும் அந்த மனு வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போனது. மனுவைப் பரிசீலிக்க வழக்குக் கட்டை வரவழைத்தார்கள். கட்டு அங்கே போய்விட்டதால் இங்கே விசாரணை நின்றது. ஒருவழியாக, விரைந்து முடிக்கவும் என்ற உத்தரவோடு கட்டு திரும்பி வந்தது. அப்போது கோர்ட்டில் நீதிபதி இல்லை. பழையவர் மாற்றலாகிப் போயிருந்தார், புதியவர் இன்னும் வரவில்லை. உரிமையைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்றான் மச்சான். அவனுக்கு இன்னும் நிறையப் பற்கள் மிச்சமிருந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் தொப்பிக்காரர் வந்து கூண்டேறினார். தொப்பி நான் தள்ளி விழுந்ததா, காற்றில் விழுந்ததா என்று ஞாபகமில்லை என்றார். விடுதலை. மச்சான் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டத்தின் மேல் நம்பிக்கை வைத்தது வீண்போகவில்லை பார்த்தீர்களா என்று வக்கீல் கை குலுக்கினார்.

காத்திருந்து அலுத்துப்போன என் மனைவி, பள்ளி விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அன்று காலைதான் ஊருக்கு வந்திருந்தாள். விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து நேராகக் கோர்ட்டுக்கே வந்துவிட்டாள். நான் வெளியே வந்தபோது இருவரும் வராண்டாவில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. மகளை மெல்ல முன்னால் தள்ளினாள்.

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். முன்பின் தெரியாத பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையை நீட்டி, "போன்ழூர், முசியே" என்றாள். அதாவது, வணக்கம் ஐயா.

அந்தச் சின்னக் கையைப் பிடித்து, என் பெயரைச் சொன்னேன்.